முப்பத்தெட்டு மணி நேரம்

பிப்ரவரி 6, செவ்வாய்

மூன்றாவது தடவையாக என் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

முதல் தடவை, என் புகைப்படத்தின் பின்னணி வெள்ளையாக இல்லையாம். வெள்ளைதான் அது. அவர்கள் கம்ப்யூட்டர் திரையைத் துடைத்துவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இரண்டாவது தடவை, நான் பறந்த நேரத்தை எழுதிவைக்கும் லாக் புக்கில் பதினேழாம் பக்கத்தில் விமானப் பயிற்சிப் பள்ளியின் முத்திரை பாதிதான் விழுந்திருக்கிறதாம். மீதிப் பாதி முத்திரைக்காக அந்தப் புத்தகத்தை அமெரிக்காவுக்குக் கூரியரில் அனுப்பி ஐந்து வாரம் காத்திருந்தேன். இன்று மூன்றாவது. இதில் நான் திருத்த ஒன்றுமில்லை, ஆனாலும் குறை என் மீதுதான்.

யாரிடமாவது கத்த வேண்டும் என்பதால் இந்த நோட்டைத் தொடங்குகிறேன். அம்மாவிடம் கத்தினால் அழுகிறார். அப்பாவிடம் கத்தினால் எழுந்து பட்டறைக்குப் போய்விடுகிறார். போயும் போயும் எனக்கு மௌனிகா என்று பேர் வைத்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் இரண்டு வருடம் படித்து வாங்கிய விமானி லைசென்ஸ் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இங்கே ஒரு விமானத்தின் கதவைக்கூடத் திறக்க முடியாது. டெல்லியில் இருக்கிற விமானத் துறை ஆபீஸ் அதை இந்திய லைசென்ஸாக மாற்றித் தர வேண்டும். பரீட்சை எழுதியாயிற்று. மெடிக்கலில் காது, கண், ரத்தம் எல்லாம் சரி. விமானம் முழுக்க என் பொறுப்பில் இருந்த நேரம் நூறு மணியாவது இருக்க வேண்டும். லாக் புக்கில் நூற்று இருபத்தொன்று இருக்கிறது. அதில் முப்பத்தெட்டு மணியை ஒத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள். மே 31க்குள் லைசென்ஸ் கையில் வந்தால் ஒரு விமானக் கம்பெனியின் ஜூன் மாதப் பயிற்சி வகுப்பில் எனக்கு இடம் உண்டு. வராவிட்டால் இல்லை. அடுத்த வகுப்பு எப்போது என்று கேட்டதற்குப் பதிலே போடவில்லை.

அம்மா மாவு ஆட்டச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். போகிறேன்.

பிப்ரவரி 7, புதன்

நேற்று கோபத்தில் விளக்காமல் விட்டுவிட்டேன்.

மேகத்துக்குள் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. கருவிகளை மட்டும் பார்த்து ஓட்ட வேண்டும். அதற்குப் பழக, மாட்டுக்குக் கண்ணில் மறைப்புக் கட்டுவது மாதிரி ஒரு தொப்பியைப் போட்டுக்கொள்வோம். எதிரே இருக்கும் கருவிகள் தவிர வேறு எதுவும் தெரியாது. அதனால் பக்கத்துச் சீட்டில் இன்னொரு விமானி உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருவான். அங்கே இந்த இரண்டு பேருமே அந்த நேரத்தைத் தங்கள் பொறுப்பு நேரமாக எழுதிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், எல்லாரும் அப்படித்தான் எழுதினோம். பக்கத்தில் இருந்தவன் ஒவ்வொரு வரியிலும் கையெழுத்துப் போட வேண்டும்.

டெல்லிக்காரர்கள் ஒரு விமானத்துக்கு ஒரு பொறுப்பு விமானிதான் என்கிறார்கள். அதே நாள், அதே விமானம், அதே நேரத்தை எட்வின் ஜெபக்குமார் என்ற இன்னொரு விண்ணப்பதாரரும் காட்டியிருக்கிறாராம். யார் ஓட்டினீர்கள், எத்தனை மணி நேரம் என்று இருவரும் சேர்ந்து உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க வேண்டுமாம்.

எட்வின் சாத்தான்குளத்துக்காரன். இரண்டு வருடம் ஒரே வீட்டில் ஆறு பேர் தங்கியிருந்தோம், அதில் அவன் ஒருவன். சண்டை போட்டால் திருப்பிப் பேச மாட்டான். அதைவிட ஆத்திரம் மூட்டும் குணம் உலகத்தில் இல்லை. கடைசி மூன்று மாதம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

தொப்பியை மாறி மாறித்தான் போட்டோம். லாக் புக்கில் அப்படித்தான் இருக்கிறது.

பிப்ரவரி 9, வெள்ளி

அப்பாவுக்கு நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை. அர்த்தனாரி பட்டறை என்றால் ஆந்திராவிலிருந்துகூட வண்டி வரும். முப்பது வருடத்தில் அவர் ஒரு தடவைகூட ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரிசையில் நின்றதில்லை. பெர்மிட், எஃப்.சி., பேர் மாற்றம், வெளிமாநில லைசென்ஸ் எல்லாம் புரோக்கர் குமாரவேல் அண்ணன் பார்த்துக்கொள்வார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நான்காம் நாள் காரியம் முடிந்து வரும். இந்த ஊரில் அதுதான் முறை. வரிசையில் நிற்பவனைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

இன்று அப்பா அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். விமான லைசென்ஸுக்கு லாரி புரோக்கரா என்று நான் குதித்தேன். குமாரவேல் அண்ணனுக்கு டெல்லியில் ஆள் இருக்கிறாராம். அப்பா சொன்னது: "ஆந்திரா லைசென்ஸ தமிழ்நாட்டுக்கு மாத்தறதில்லையா கண்ணு? அதே மாதிரி அமெரிக்காவ இந்தியாவுக்கு மாத்தறது. தூரம் தான் சாஸ்தி."

குமாரவேல் அண்ணன் லாக் புக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். எட்வின் கையெழுத்து இருந்த பக்கங்களை போனில் படம் எடுத்துக்கொண்டார். பிறகு இரண்டு வெற்று முத்திரைத்தாள்களை நீட்டினார். எழுதி எடுத்துக்கொண்டு வாருங்கள், போடுகிறேன் என்றேன். "எழுதறதுக்கு டைப்பிஸ்ட் இருக்கான் அம்மிணி, நீங்க அடியில போடுங்க" என்றார். அடியில் போட்டேன். மேலே என்ன எழுதுவார் என்று கேட்கவில்லை. குக்கர் மூன்று விசில் விட்டிருந்தது, அடுப்பை அணைக்கப் போக வேண்டியிருந்தது.

பிப்ரவரி 10, சனி

எட்வினைக் கூப்பிடவில்லை. அவனும்தான் கூப்பிடவில்லை.

மார்ச் 4, திங்கள்

மோகனூரில் சித்தப்பா வீட்டுக் கல்யாணம். பந்தியில் இலை போடுவதற்குள் ஏழு பேர் கேட்டுவிட்டார்கள், எப்போது பிளேன் ஓட்டப்போகிறாய் என்று. ஓட்டிவிட்டேன், இருநூற்று ஐம்பது மணி நேரம் ஓட்டிவிட்டேன் என்று சொன்னால் யாருக்கும் புரிவதில்லை. ஊருக்கு மேலே சத்தம் கேட்டால்தான் ஓட்டினதாக அர்த்தம். பெரியத்தை, அதற்குப் பதில் ஒரு டிகிரி முடித்திருந்தால் மாப்பிள்ளையாவது கிடைத்திருப்பான் என்றார். மாப்பிள்ளையை வைத்து ரன்வேயில் இறங்க முடியாது என்று சொன்னேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார்.

அப்பா மட்டும் எல்லாரிடமும் மே மாதம், மே மாதம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாகச் சொல்வதும் எனக்குக் கோபத்தைத்தான் கிளப்பியது.

மார்ச் 22, வெள்ளி

லைசென்ஸ் மாற்றத்துக்காகப் பரிசோதகர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டிய செக் ஃப்ளைட் முடிந்தது. பாஸ்.

மார்ச் 23, சனி

ஃப்ளையிங் கிளப்பிலிருந்து திரும்பிய பஸ்ஸில் ஏழு மணி நேரம். டிரைவர் ஒரு கையில் போனை வைத்துப் பேசிக்கொண்டே ஓட்டினார். எழுந்து போய்ச் சண்டை போட்டேன். உனக்கு ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். வாய்வரை வந்த பதிலை விழுங்கிக்கொண்டு சீட்டுக்கு வந்தேன். பஸ்ஸே என்னை வேடிக்கை பார்த்தது.

வீட்டுக்கு வந்ததும் சுடிதாரை இரண்டு தடவை அலசினேன். வாடை போகவில்லை. மூன்றாவது தடவை எலுமிச்சம்பழம் போட்டு ஊறவைத்திருக்கிறேன். என்ன சாப்பிட்டாய் என்று அம்மா கேட்டார். பஸ் ஸ்டாண்ட் பரோட்டா என்று சொன்னேன். பரோட்டா சாப்பிடவில்லை.

ஏப்ரல் 15, திங்கள்

ஏற்கப்பட்டது என்று வந்திருக்கிறது. இணையதளத்தில் என் விண்ணப்பத்துக்கு எதிரே நான்கு மாதமாகச் சிவப்பாக இருந்த எழுத்து இன்று பச்சையாகியிருக்கிறது. ஒரு கேள்வியும் இல்லை, ஒரு குறையும் இல்லை.

நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். அப்பாதான் குதித்தார். பட்டறையில் எல்லாருக்கும் லட்டு. சாயங்காலத்துக்குள் கேட்டுக்கு மேலே ஃப்ளெக்ஸ் கட்டியாகிவிட்டது. அதில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் சீருடையில் என் தலையை ஒட்டியிருக்கிறார்கள். "வானத்தை வசப்படுத்திய எங்கள் வீட்டுச் செல்லம்." வெல்டிங் செய்பவர்கள் எல்லாரும் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். இறக்கச் சொன்னேன், அப்பா கேட்கவில்லை.

குமாரவேல் அண்ணனும் வந்திருந்தார். பத்திரத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்க அவர் பக்கத்தில் போனேன். அவர் லட்டை என் வாய் அருகே நீட்டினார். சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மே 2, வியாழன்

எட்வின் கூப்பிட்டான். ஊர் திரும்பிய எட்டு மாதத்தில் இதுதான் முதல் தடவை.

அவன் விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். அவனுடைய பொறுப்பு நேரம் எண்பத்தெட்டு மணிதானாம், நூறு இல்லையாம். ஏன் என்று கேட்டு எழுதியிருக்கிறான். பதிலாக ஒரு பத்திரத்தின் நகலை அனுப்பியிருக்கிறார்கள். முப்பத்தெட்டு மணி நேரமும் மௌனிகா ஓட்டியதுதான், நான் பக்கத்தில் சும்மா இருந்தேன் என்று எட்வின் ஜெபக்குமார் ஒப்புக்கொள்ளும் பத்திரம். கீழே என் கையெழுத்து. பக்கத்தில் அவன் கையெழுத்து.

"நான் அந்தத் தாளக் கண்ணுல பாத்ததே இல்ல மோனி" என்றான். "நீயா போட்ட?"

இல்லை என்றேன். எனக்குத் தெரியாது என்றேன். புரோக்கர் என்றேன். ஒன்றன்பின் ஒன்றாக நானே சொல்லிக்கொண்டு போனேன். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவன் பாதிப் பாதி என்று எழுதி எனக்கு அனுப்பலாம் என்று இருந்தானாம். ஆளுக்குப் பத்தொன்பது மணி. எனக்கு நூற்றிரண்டு வரும், அவனுக்கு நூற்றேழு. கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறான், இரண்டு பேரும் தப்பித்துவிடுவோம்.

அப்புறம் நான் கத்தினேன். பாதிப் பாதி என்றால் முன்னாலேயே சொல்லியிருக்கலாமே, நான் என்ன ஜோசியமா பார்ப்பேன் என்று கத்தினேன். தப்பு செய்தவள் நான், கத்தியதும் நான். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான், குரலை உயர்த்தாமல்.

"அந்தத் தொப்பிய நீ எத்தன நாள் போட்டன்னு ஒனக்குத் தெரியும், எனக்குந் தெரியும். நான் யார்ட்டயாவது சொல்லிருக்கனா? எங்கம்மா தெனமும் கேக்காங்க, ஏன்டா தள்ளிட்டாவன்னு. நான் என்ன சொல்லட்டும், நீயே சொல்லு."

போனை வைத்துவிட்டேன்.

மே 3, வெள்ளி

காலையில் பட்டறைக்குப் போய் எல்லார் முன்னாலும் சண்டை போட்டேன். வேலையை நிறுத்திவிட்டு அத்தனை பேரும் பார்த்தார்கள். அப்பாவுக்கு என்ன தப்பு நடந்தது என்றே புரியவில்லை. காரியம் முடிந்துவிட்டது, அப்புறம் எதற்குக் கத்துகிறேன் என்று பார்த்தார். குமாரவேல் அண்ணன் போனிலேயே பேசினார். ஒரு வண்டிக்கு ஒரு ஓனர்தான், பாதிப் பாதி என்று எழுதினால் இரண்டு ஃபைலும் தொங்கும், அதனால் மொத்தமாக நம் பக்கம் எழுதிவிட்டேன் என்றார். இன்னொருத்தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறீர்களே என்றேன்.

"நீங்க வெத்துத் தாள்ல போட்டுக் குடுத்தப்ப நான் என்ன எழுதுவேன்னு நெனச்சீங்க அம்மிணி?"

போனை அப்பா கையில் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்வி.

மே 5, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். நோட்டிலும் பொய் சொன்னால் பிறகு எங்கேதான் நிஜத்தைச் சொல்வது.

தொப்பியை மாறி மாறிப் போடவில்லை. தொப்பி போட்டால் எனக்குப் பத்து நிமிடத்தில் வியர்த்துக் கொட்டும், வாய் உப்புக் கரிக்கும், பிறகு வாந்தி. முதல் வாரத்திலேயே எட்வின், நான் போட்டுக்கொள்கிறேன், நீ வெளியே பார் என்றான். எனக்குச் சரியாகிவிடும், அடுத்த வாரம், அடுத்த வாரம் என்றே இரண்டு வருடம் போய்விட்டது. லாக் புக்கில் மட்டும் ஒரு நாள் அவன், ஒரு நாள் நான் என்று எழுதினோம். முப்பத்தெட்டில் நான் உண்மையில் தொப்பி போட்டு ஓட்டியது ஐந்து மணி நேரம். கூட்டிச் சொன்னாலும் ஐந்துதான். நாங்கள் பேசாமல் போனதும் இதனால்தான். அங்கே கடைசியாக ஓட்டிக் காட்டும் பரீட்சைக்கு முன்னால், பள்ளியில் சொல்லிவிடு, இன்னும் பத்து மணி கூடுதலாகப் பழகு என்றான். பொறாமை பிடித்தவன் என்று அவனைத் திட்டினேன். பரீட்சை அன்று காற்றே இல்லாத காலை, மாத்திரை போட்டுக்கொண்டு போய்ப் பாஸ் செய்துவிட்டேன்.

மார்ச் 22 அன்று காற்று இருந்தது. பரிசோதகர் வரதன் சார் தொப்பியைப் போடச் சொன்னார். வெளியே தெரியாதபோது உடம்பு பொய் சொல்லும், கருவியை நம்ப வேண்டும். இந்தக் கேள்விக்குப் பரீட்சையில் முழு மதிப்பெண் வாங்கியவள் நான். பன்னிரண்டாவது நிமிடம், நேராகத்தான் போகிறோம் என்று என் உடம்பு சத்தியம் செய்தது. கருவி வலப்பக்கம் சாய்கிறது என்று காட்டியது. நான் உடம்பை நம்பினேன். "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று அவர் கட்டுப்பாட்டைப் பிடுங்கியபோது விமானம் கவிழ்கிற மாதிரி சாய்ந்து எழுநூறு அடி இறங்கியிருந்தது. நான் மடியிலேயே வாந்தி எடுத்திருந்தேன்.

தரையில் இறங்கி அவர் என் லாக் புக்கை வெகுநேரம் பார்த்தார். "முப்பத்தெட்டு மணி நேரத்துல பாதி தொப்பி போட்டுப் பண்ணியிருக்கியேம்மா. இன்னிக்கு ஏதோ உடம்பு சரியில்ல போல" என்றார். பாஸ் போட்டார். அந்த முப்பத்தெட்டைப் பார்த்துப் போட்டார்.

ஜூன் மாதம் அந்த வகுப்பில் சேர்ந்தால் அடுத்த வருடம் என் முதுகுக்குப் பின்னால் நூற்றெண்பது பேர் உட்கார்ந்திருப்பார்கள். மேகம் வந்தால் எட்வின் பக்கத்தில் இருக்க மாட்டான். எனக்கு என் மேல் வரும் ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. டெல்லிக்காரர்கள் மேல் கொட்டுவது எவ்வளவு சுலபமாக இருந்தது.

மே 9, வியாழன்

லைசென்ஸ் தயார், 14ஆம் தேதி நேரில் வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளவும் என்று வந்திருக்கிறது. அப்பா டிக்கெட் போட உட்கார்ந்தார். தானும் வருவதாகச் சொன்னார். அதனால் அவரிடம் சொல்ல வேண்டியதாயிற்று. தொப்பியை, வாந்தியை, எழுநூறு அடியை, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று கேட்டார்.

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நீ ஓட்டுனியா, இல்லையா?"

"இல்லைங்கப்பா."

"அப்ப ரெண்டு வருசமா நாங்க எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சது?"

யாரும் ஓட்டாத நேரத்தையா எழுதினோம், ஊர் உலகத்தில் செய்யாததா, அந்தப் பையனிடம் பேசி ஒரு வழி பண்ணலாம் என்று அம்மா ஆரம்பித்தார். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். சாப்பிடாமல் எழுந்து பட்டறைக்குப் போனார். என்னை மன்னித்த முகமில்லை அது. பிறகு நான் அந்தப் பக்கம் போனபோது ஏணியில் ஏறி அவரே ஃப்ளெக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிடிக்கப் போனேன். "நீ தொடாத" என்றார்.

மே 10, வெள்ளி

டிக்கெட் ஒன்றுதான் போட்டேன். எட்வினுக்கு, டெல்லிக்குப் போகிறேன் என்று மட்டும் அனுப்பினேன். எதற்கு என்று கேட்டான். நேரில் போய்ச் சண்டை போட என்று அனுப்பினேன்.

மே 14, செவ்வாய்

டெல்லியில் வெயில் மண்டையைப் பிளந்தது.

ஐந்து மாதமாக என் மனதில் ஒரு ஆள் இருந்தான். கண்ணாடி போட்ட, முத்திரையைப் பாதி பாதியாக அளக்கிற, என் வாழ்க்கையைக் கெடுப்பதற்கென்றே பிறந்த ஆள். கவுன்டரில் இருந்தது அம்மா வயதுப் பெண்மணி. டிபன் டப்பாவை மூடிவைத்துவிட்டு என் பேரைப் பார்த்தார். எழுந்து நின்று கைகொடுத்தார். வாழ்த்துகள் என்று இந்தியில் சொன்னார். லைசென்ஸை என் பக்கம் நகர்த்தினார். என் படம், வெள்ளைப் பின்னணி. எல்லாம் சரியாக இருந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வர இரண்டு நொடி போதும். இரண்டு நொடிக்கு மேலேயே அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு திருப்பி அவர் பக்கம் நகர்த்தினேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அச்சாகிவிட்டது மகளே, பேசாமல் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போ என்று மெதுவாகச் சொன்னார். இத்தனை நாள் ஒரு முத்திரைக்காக என்னை அமெரிக்கா வரை ஓடவிட்ட ஆபீஸ் சொல்கிறது, பேசாமல் போ என்று. எனக்கு வந்த கோபத்தில் குரல் ஓங்கிவிட்டது. உள்ளேயிருந்து அதிகாரி வந்தார்.

அவர் உட்காரவைத்துக் கேட்டார். இந்த லைசென்ஸ் ரத்தாகும், விசாரணை வரும், ஒரு வருடமோ அதற்கு மேலோ விண்ணப்பிக்கவே முடியாமல் போகலாம், பொய்ப் பத்திரம் கொடுத்ததற்கு வழக்குகூட வரலாம், தெரிந்துதான் சொல்கிறாயா என்றார். தெரியும் என்றேன். எழுத்தில் வேண்டும் என்றார்.

வெள்ளைத் தாள் வாங்கி நானே எழுதினேன். முப்பத்தெட்டு மணி நேரத்தில் நான் ஓட்டியது ஐந்து. மீதி முப்பத்து மூன்றும் எட்வின் ஜெபக்குமார் ஓட்டியது. பத்திரத்தில் இருப்பது அவர் கையெழுத்தல்ல, அவருக்கு அது தெரியாது. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்தது நான். மார்ச் 22 செக் ஃப்ளைட்டில் நான் தேறவில்லை. எழுதி முடித்து, கீழே கையெழுத்தும் தேதியும் போட்டுக் கொடுத்தேன்.

அதிகாரி விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். பக்க எண் பார்த்தார், கையெழுத்தை லாக் புக்கோடு ஒப்பிட்டார், அடித்தல் திருத்தல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பித் தருவார் என்று காத்துக்கொண்டு நின்றேன். தரவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். நான் எழுதிய ஒரு காகிதத்தை இந்த ஆபீஸ் குறை சொல்லாமல் வாங்கிக்கொண்டது இதுதான் முதல் தடவை. முத்திரை குத்தி, கையோடு ரசீதும் கொடுத்தார்கள்.